உறுதியில்லாக் காணியும் மூலநிரலில்லா மென்பொருளும்

காணி வாங்குவோர் எவரும் உறுதியைக் கையிற் பெறாது காசை எண்ணிக் கொடுப்பதில்லை. எல்லை எது, கிணற்றிற் பங்கு எத்தனை, வழிவாய்க்கால் உரிமை எவருக்கு என்பன யாவும் எழுத்தில் இருக்கவேண்டும். எழுதியதை நொத்தாரிசு வாசிக்கவேண்டும். நாளை வழக்கு வந்தால் நீதிபதியும் வாசிக்கவேண்டும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு முதலாக இன்றுவரை யாழ்ப்பாணத்தான் இவ்விஷயத்தில் ஏமாந்தவனல்லன் என்று சிலர் மெச்சியும் சிலர் நகைத்தும் பேசுவதை நாம் கேட்டிருக்கின்றோம். அத்தகைய நாம் இன்று இலட்சக்கணக்கிற் பணங் கொடுத்து ஒரு பொருளை உறுதியின்றியே வாங்கிக்கொண்டிருக்கின்றோம். அப்பொருள் மென்பொருள்.

கடையில் ஆயிரம் பேருக்கு விற்கப்படும் மென்பொருளைப் பற்றி நாம் இங்கு பேசவில்லை. ஒரு கூட்டுறவுச் சங்கமோ, வைத்தியசாலையோ, திணைக்களமோ, பிரதேச சபையோ தன் தேவையை எடுத்துக் கூறித் தன் காசில் ஒரு கம்பனியைக் கொண்டு எழுதுவிக்கும் மென்பொருளைப் பற்றியே பேசுகின்றோம். அஃது அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது, பிறருக்குப் பொருந்தாது. அதனை எழுதுவோர் முதலில் மனிதர் வாசிக்கக்கூடிய வரிகளிலேயே எழுதுகின்றனர். இன்ன தொகையை இன்ன கணக்கிலிருந்து கழிக்க, மீதி பூச்சியத்திற் குறைந்தால் இன்னது செய்க என்றவாறு அமைந்த கட்டளைகள் அவை. இவற்றின் தொகுதியே மூலநிரல். பின்னர் அது இயந்திரத்துக்கு மாத்திரம் விளங்கும் இலக்கங்களாக மாற்றப்படுகின்றது. வாங்கியவர் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இவ்விலக்கக் குவியல்தான். அதனை இயக்கலாம், வாசிக்க இயலாது, திருத்தவும் இயலாது. இடித்த மாவைக் கொண்டுபோய் வயலில் விதைக்க முடியுமா? சில இடங்களில் அந்த மாவுங்கூடக் கைக்கு வருவதில்லை. மென்பொருள் கம்பனியின் கணினியிலேயே ஓடுகின்றது. பணங் கொடுத்தவர் தூரத்தில் நின்று திரையைப் பார்ப்பவராகவே இருக்கின்றார்.

தனக்கென எழுதுவித்த மென்பொருளின் மூலநிரலை, வாசிக்கத்தக்க வடிவில், பணங் கொடுத்தவர் பெறவேண்டும் என்பது எமது துணிபு. பொதுப் பணத்தில் எழுதப்படுவதாயின் அது கம்பனியின் தயவிலும் உத்தியோகத்தரின் நினைவிலும் தங்கியிராது, சட்டமாகவே இருத்தல் வேண்டும்.

இஃது ஒரு கம்பனிக்கும் அதன் வாடிக்கையாளருக்கும் இடையிலான வியாபாரச் சச்சரவு, குடிமக்களுக்கு இதில் என்ன கவலை என்று கேட்போர் பிரித்தானியாவின் உப தபாலதிபர்களுக்கு நேர்ந்ததை அறிதல் நன்று. உப தபாலகம் எமக்குப் புதியதன்று. எம்மை ஆண்டவர் இங்கும் விட்டுச்சென்ற ஏற்பாடே அது. ஆகவே இவ்வரலாற்றின் மாந்தரை எமது வாசகர் எளிதில் இனங்கண்டுகொள்வர். ஊரில் நன்மதிப்புள்ளவர், தமது சிறு கடையின் ஒரு பக்கத்தில் முத்திரை விற்று, ஓய்வூதியங் கொடுத்து, கிழவர்களின் கடிதத்தையும் வாசித்துக் காட்டுபவர். அத்தகையவர்களே இதில் அகப்பட்டனர்.

1999 ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாட்டுத் தபால் அலுவலகக் கம்பனி ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளிற் புகுத்தியது. அதனைச் செய்து கொடுத்தது ஐ.சீ.எல். என்னும் கம்பனி, அது ஜப்பானியரின் பியூஜிட்சுவுக்கு உடைமையானது. மென்பொருள் வந்ததும் மாலையிற் கணக்கு முடிக்கும்போது காசு குறையலாயிற்று. சில கிளைகளில் நூறு, சிலவற்றில் ஆயிரம், சிலவற்றிற் பல்லாயிரம் பவுண். ஒப்பந்தத்தைக் காட்டி, குறைந்ததை உப தபாலதிபரே இட்டு நிரப்பவேண்டும் என்றனர். சேமிப்பை இட்டார்கள், வீட்டை ஈடு வைத்து இட்டார்கள், உறவினரிடம் கடன் வாங்கி இட்டார்கள். இடமுடியாதவர்மீது களவு என்றும் பொய்க்கணக்கு என்றும் வழக்குத் தொடரப்பட்டது. 2015 வரையான காலத்தில் 900 இற்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அவர்களில் ஏறக்குறைய 700 பேர்மீது வழக்கைத் தொடுத்தது பொலிசன்று, தபால் அலுவலகமே. வாதியும் அதுவே, புலனாய்ந்ததும் அதுவே, கணக்கை வைத்திருந்ததும் அதுவே.

சவுத் வோன்பரோ என்னும் கிராமத்தின் ஜோ ஹமில்டன் அம்மையாருக்கு ஒரு நாள் 2,000 பவுண் குறைவு காட்டிற்று. உதவித் தொலைபேசியிற் பேசியவர் கூறியபடி அவர் விசைகளை அழுத்தினார். அவர் கண்முன்னே 2,000 ஆனது 4,000 ஆயிற்று. பிரிட்லிங்டன் ஊரின் லீ காசில்டன் சட்டத்தரணி வைக்கப் பணமின்றித் தாமே தமக்காக வாதாடினார். ஏறக்குறைய 25,000 பவுண் பற்றிய அவ்வழக்கு 2007 இல் அவருக்கு எதிராகத் தீர்ந்தது. தபால் அலுவலகத்தின் வழக்குச் செலவென்று 321,000 பவுண் அவர் தலையில் விழ, அவர் வங்குரோத்தானார். வெஸ்ட் பைபிலீட்டின் சீமா மிஸ்ரா 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அப்போது அவர் கருவுற்றிருந்தார்; அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள்.

கணக்குப் பிழை என்று கூறினவர்களுக்கு நீதிமன்றத்தில் கிடைத்த மறுமொழி என்ன? பிழை எங்கே என்று காட்டு என்பதே. காட்டுவதற்கு வேண்டிய ஏடோ மறுபக்கத்தாரின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. அதற்குச் சட்டமுந் துணை போயிற்று. இங்கிலாந்தில் 1984 ஆம் ஆண்டின் சட்டமொன்று, கணினித் தாளைச் சான்றாகக் காட்டுபவர் அக்கணினி முறையாக இயங்கியதென்றுங் காட்டவேண்டும் என்று விதித்திருந்தது. 1999 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விதியை நீக்கிற்று. அதன்பின், மாறாகக் காட்டப்படும் வரை கணினி சரியாகவே இயங்கியது என்பது நீதிமன்றங்களின் ஊகமாயிற்று. ஹொரைசன் கிளைகளுக்குட் புகுந்த அதே காலத்தில் இது நிகழ்ந்தது. விதியின் விளையாட்டு என்று இதனைக் கூறிவிடலாம்; ஆனால் செய்தது விதியன்று, பாராளுமன்றம்.

பெட்டிக்குள் இருந்ததைக் கம்பனியின் உள்ளே இருந்தோர் அறியாரோ? அறிவர். 1998 இலேயே ஐ.சீ.எல். பிரிவின் பொறியியலாளர்கள் அம்மென்பொருளின் முக்கிய பகுதியொன்றை ஆராய்ந்து உள்ளக அறிக்கை எழுதினர். ஓர் எண்ணின் குறியை மாற்றுவது, அதாவது கூட்டலைக் கழித்தலாக்குவது, சிறு பிள்ளைக்குத் தெரிந்த காரியம். அந்நிரலிலோ, எண் பூச்சியத்திற் குறைந்ததாயின் குறியை நீக்குக, அன்றேல் எண்ணை இரண்டாற் பெருக்கி அப்பெருக்கத்தை அதே எண்ணிலிருந்து கழிக்க என்று எழுதியிருந்ததாம். விடை சரியாகவே வரும். ஆயினும் இவ்வாறு எழுதியவருக்கு அடிப்படைக் கணிதமும் தொழிலும் விளங்கவில்லை என்று அவ்வறிக்கை குறித்தது. நாம் இதனை வேடிக்கைக்காக எடுத்துக் கூறவில்லை. வரிகளை வாசித்த ஒருவர் சில நாட்களிற் கண்டுகொண்டதை, வாசிக்க விடப்படாத ஆயிரக்கணக்கானோர் இருபது வருடம் பட்டறிந்தனர் என்பதற்காகவே கூறுகின்றோம். அவ்வறிக்கை பொதுவெளிக்கு வந்தது பின்னாளில் நடந்த அரசாங்க விசாரணையில்.

அலன் பேட்ஸ் என்பவர் முன்னின்று 555 உப தபாலதிபர்கள் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதியரசர் பிரேசர் தீர்ப்பளித்தார். கிளைகளின் கணக்கைக் கெடுக்கக்கூடிய வழுக்கள் ஹொரைசனில் இருந்தன என்று அவர் முடிவு செய்தார். பியூஜிட்சுவின் ஊழியர் தம் இடத்தில் இருந்தவாறே ஒரு கிளையின் கணக்கிற் பதிவுகளைப் புகுத்தக்கூடியதாக இருந்தது என்பதும், அதனை உப தபாலதிபர் அறியமாட்டார் என்பதும் வெளியாயின. அவ்வாறு செய்ய இயலாது என்றே தபால் அலுவலகம் நெடுங்காலம் கூறிவந்தது. அறியப்பட்ட வழுக்களைக் குறித்து வைக்கும் பதிவேடு ஒன்றும் பியூஜிட்சுவிடம் இருந்தது. வழக்கிட்டோர் அதனைக் காண்பதற்கே போராடவேண்டியிருந்தது. ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டனில் 2015 இல் நிகழ்ந்தது இவ்வழுக்களின் இயல்பை நன்கு காட்டும். 8,000 பவுணை ஒரு கிளையிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது திரை அசையாது நின்றது. அலுவலர் விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். ஒவ்வோர் அழுத்தமும் ஒரு புதிய 8,000 ஆகப் பதிவாகி, இல்லாத 24,000 பவுண் கடனாக எழுந்தது.

2021 ஏப்ரிலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ஒருங்கே தள்ளுபடி செய்தது. 2024 மே மாதத்தில் எஞ்சியோரின் தண்டனைகளையும் பாராளுமன்றம் சட்டத்தின் மூலமே நீக்கவேண்டியதாயிற்று. சேர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணையின் அறிக்கையின் முதற்பாகம் 2025 ஜூலையில் வெளிவந்தது. 13 பேராவது இதன் காரணமாகத் தம்முயிரை மாய்த்திருக்கலாம் என்று அது கூறுகின்றது.

மூலநிரல் வெளியே இருந்திருந்தால் இவ்வளவு பேரும் தப்பியிருப்பர் என்று நாம் கூறவில்லை. ஆணவமும் பொய்யும் எந்த நிரலிலும் எழுதப்படுவனவல்ல. தபால் அலுவலகத்தின் மேலதிகாரிகள் உண்மையை அறிய விரும்பவில்லை என்பதே பெருங் காரணம். ஆனால் அறிய விரும்பாதவருக்கு வசதியாக அமைந்தது அந்தப் பூட்டிய பெட்டி. ஒரு கிளையின் விரிவான பதிவுகளைப் பெறுவதற்குக்கூடத் தபால் அலுவலகம் கம்பனியிடமே கேட்கவேண்டும்; ஆண்டுக்கு இத்தனை தடவை என்று ஒப்பந்தத்தில் வரையறை, மேலதிகமாயிற் கட்டணம். எஜமான் வேலைக்காரனிடம் அனுமதி கேட்டுத் தன் வீட்டுக்குள் நுழைந்தான். இத்தனையும் அம்பலமான பின்னராவது விடுதலை உண்டோ எனின் அதுவுமில்லை. மாற்று மென்பொருள் ஆயத்தமாகாமையால், 2025 மார்ச்சில் முடிய இருந்த ஒப்பந்தத்தை அதே பியூஜிட்சுவுடன் மேலும் நீட்டவேண்டி வந்தது.

நிற்க. கம்பனிக்காரர் கூறும் நியாயங்களையுங் கேட்போம். அவர்களில் எமது பிள்ளைகளும் உளர். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் நான்கு பேராகக் கூடி ஓர் அறையில் இத்தொழிலை நடத்தும் இளைஞர் பலர். எனவே இவ்வழக்கில் எமக்கு இரு பக்கத்திலும் உறவுண்டு.

அவர்கள் முதலிற் கூறுவது, பல ஆண்டு உழைப்பில் தாம் சேர்த்த பொதுக் கூறுகளை ஒவ்வொரு வேலையிலும் சேர்க்கின்றோம், அவற்றைக் கொடுத்துவிட்டால் எமது முதலே போய்விடும் என்பது. இதில் உண்மையுண்டு. ஆனால் வாசிக்கக் கொடுப்பது வேறு, உரிமையைக் கொடுப்பது வேறு. பிரித்தானியாவின் 1988 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதுவித்தவர் காசு கொடுத்தார் என்பதால் மட்டும் பதிப்புரிமை அவருக்குச் சேர்வதில்லை. எழுத்தில் மாற்றிக் கொடுத்தாலன்றி அஃது ஆக்கியவரிடமே தங்கும். ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றமும் 1989 இல், ஓர் அமைப்பினர் பணங் கொடுத்துச் செய்வித்த சிலை பற்றிய வழக்கில், சுதந்திரமாகத் தொழில் செய்யும் சிற்பி ஊழியராகார் என்று தீர்த்தது. ஆகச் சட்டம் ஏற்கெனவே எழுதுவோர் பக்கமே சாய்ந்து நிற்கின்றது. புத்தகம் வாங்கியவன் அதனை வாசிக்கலாம், ஓரத்திற் குறிப்பெழுதலாம், கிழிந்தால் ஒட்டலாம்; அச்சடித்து விற்கமுடியாது. அவ்வளவே நாம் கேட்பது. கம்பனியின் பொதுக் கூறுகளை வேறெவருக்கும் விற்கக்கூடாது என்று ஒரு வரி எழுதுங்கள், நாமுங் கையொப்பமிடுகின்றோம்.

வெளியிட்டாற் கள்வர் புகுவர் என்று சிலர் அச்சுறுத்துவர். இரகசிய எழுத்துக் கலையில் வல்லவரான கேர்க்கொவ்ஸ் என்பவர் 1883 இலேயே இதற்கு விடை கூறிவிட்டார். பொறிமுறை எதிரியின் கையில் அகப்பட்டாலும் கேடு வரலாகாது. மறைக்கவேண்டியது திறப்பை மாத்திரமே என்பது அவர் விதி. பூட்டின் உள்ளமைப்பைத் தெரிந்தவனெல்லாம் திறந்துவிடக்கூடிய பூட்டு நல்ல பூட்டன்று. அன்றியும், பணங் கொடுத்தவர் கையிற் கொடுப்பதும் சந்தியில் ஒட்டி வைப்பதும் ஒன்றல்லவே.

உங்களில் எவர் அதனை வாசிக்கப்போகின்றீர் என்ற ஏளனமும் உண்டு. உறுதியின் சட்ட மொழி எத்தனை பேருக்கு விளங்கும்? விளங்காதவர் நொத்தாரிசைக் கொண்டு வாசிப்பிக்கின்றனர். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், குடித்துவிட்டு வாகனம் ஓட்டியவரின் மூச்சை அளக்கும் கருவி பற்றி வழக்கெழுந்தபோது, அதன் மூலநிரல் வல்லுநரிடம் கொடுக்கப்பட்டு ஆராயப்பட்டது. மாநில உயர் நீதிமன்றம் 2008 இல், கருவி பொதுவாக நம்பத்தக்கதே என்று ஏற்று, ஆராய்ச்சியிற் கண்ட ஒரு வழுவைத் திருத்துமாறும் பணித்தது. கருவியைச் செய்த கம்பனி கவிழ்ந்துவிடவில்லை. குற்றஞ் சாட்டப்பட்டவருக்கும் தம்மை அளந்த கோல் எத்தகையது என்று தெரிந்தது.

இவையெல்லாம் வெளிக்குக் கூறப்படும் நியாயங்கள். உள்ளே இருப்பது ஆண்டுதோறும் வரும் பராமரிப்புக் கட்டணம் என்பது எமது எண்ணம். மூலநிரல் கையில் இல்லாதவர் வேறொருவரிடம் போகமுடியாது; கேட்ட விலையைக் கொடுத்தேயாகவேண்டும். 2024 ஜனவரி முதலாந் திகதி எமது நாட்டிற் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாயிற்று. ஒரு சங்கத்தின் மென்பொருளிலே 15 என்ற எண் நிரலுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருக்க, அதனை எழுதிய இளைஞர் கனடாவுக்குப் போய்விட்டார் என வைத்துக்கொள்வோம். ஒரேயோர் எண்ணை மாற்றுவதற்கு அச்சங்கம் என்ன செய்யும்? முழு மென்பொருளையும் புதிதாக எழுதுவிக்கும், அல்லது கணக்கப்பிள்ளை பழையபடி கொப்பியை எடுப்பார்.

கமக்காரருக்கு இது புதுமையாகத் தோன்றாது. தன் உழவு இயந்திரத்தைத் தன் முற்றத்தில் வைத்துத் திருத்தும் வழக்கமுடையவர் அவர். அமெரிக்கக் கமக்காரர் அந்த வழக்கத்தை இழந்துவிட்டனர்; அங்கு உழவு இயந்திரத்தின் உறுப்பை மாற்றினாலும் உள்ளிருக்கும் மென்பொருள் இசையாவிடின் இயந்திரம் அசையாது. கொலராடோ மாநிலம் 2023 இற் சட்டம் இயற்றி, 2024 தொடக்கம் திருத்தும் உரிமையைக் கமக்காரருக்கு அளித்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டு மத்திய அரசின் வர்த்தக ஆணைக்குழு ஜோன் டியர் கம்பனிமீது வழக்கும் தொடுத்தது. அது கடைச்சரக்கு பற்றிய வழக்கு. ஆயினும் நோய் ஒன்றே.

மூலநிரலைத் திறந்துவைத்தால் என்ன நன்மை விளையும் என்பதற்கு அந்நிய நாட்டுக்குப் போகவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எமது கரைகளை அழித்தபின், காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவதற்கென இந்நாட்டு இளம் பொறியியலாளர் கூடி எழுதிய மென்பொருள் சகானா. நிவாரணம் என்பதே அச்சிங்களச் சொல்லின் பொருள். அதன் மூலநிரலை எவரும் வாசிக்கவும் மாற்றவும் விட்டனர். விளைவு என்ன? 2005 இற் பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோது அங்கே பயன்பட்டது. 2006 இல் பிலிப்பைன்சில், 2010 இல் ஹெயிட்டியில் எனக் கடல் கடந்தது. ஒவ்வோரிடத்தாரும் தத்தம் மொழிக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டனர். நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த டி.எச்.ஐ.எஸ்.2 என்னும் சுகாதார மென்பொருளும் அவ்வாறு திறந்ததே. 2020 ஜனவரியிற் கொரோனா நோய் பரவத் தொடங்கியபோது, நாட்டுக்குள் வருவோரைக் கண்காணிப்பதற்கென இலங்கையர் அதனைச் சில நாட்களில் மாற்றியமைத்தனர். அதனைப் பின்னர் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. பூட்டிய மென்பொருளாயின், திருத்தத்துக்கு விலைகேட்டுக் கடிதம் எழுதி மறுமொழி வருமுன் நோய் வந்திருக்கும்.

இவ்வளவு செய்துகாட்டிய நாட்டில், அரசாங்கம் தன் பணத்தில் எழுதுவிக்கும் எல்லா மென்பொருளுக்கும் இதுவே விதி என்று ஏன் ஒரு சட்டம் இருக்கலாகாது? சுவிற்சர்லாந்து அவ்வாறு செய்துவிட்டது. 2023 இல் நிறைவேறி 2024 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, அதன் சமஷ்டி அரசின் நிறுவனங்கள் தாம் எழுதும் அல்லது எழுதுவிக்கும் மென்பொருளின் மூலநிரலை வெளியிடவேண்டும்; பிறர் உரிமையோ பாதுகாப்போ தடுத்தாலன்றி விலக்கில்லை. ஐக்கிய அமெரிக்கா அவ்வளவு தூரம் போகவில்லை. ஆயினும் 2024 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டமொன்று, ஒரு திணைக்களம் எழுதுவித்ததை மற்றத் திணைக்களங்களும் பயன்படுத்தும்படி பகிரவேண்டும் என்கின்றது. ஒரே வேலைக்குப் பத்துத் திணைக்களங்கள் பத்து முறை பணங் கட்டும் கொடுமையாவது அதனாற் குறையும்.

எமக்கு இவ்விஷயத்திற் பிறரைவிட அக்கறை கூடுதலாக இருக்கவேண்டும். 2023 இல் அஸ்வெசும திட்டம் வந்தபோது, 22 அளவுகோல்களைக் கொண்டு குடும்பங்கள் தரம் பிரிக்கப்பட்டன. இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தனர். அதன் மென்பொருளில் வழு உண்டென்று நாம் கூறவரவில்லை. ஆனால் தனக்கு ஏன் இல்லை, அயலவனுக்கு ஏன் உண்டு என்று கேட்கும் ஏழைக்கு, கணினி அப்படிக் கூறிற்று என்பது மறுமொழியாகாது. அளவுகோல் எது என்பதை வர்த்தமானியில் வாசிக்கலாமெனின், அவ்வளவுகோல் எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதையும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஏடுகளைக் கேட்கும் உரிமையை எமக்குத் தந்திருக்கின்றது. ஆனால் திணைக்களத்தின் கையிலேயே இல்லாத ஏட்டை எந்த உரிமையைக் கொண்டு கேட்பது?

மொழி விஷயமும் இதனோடு சேர்ந்ததே. 1987 இன் 13 ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஒரு திணைக்களத்தின் திரையிற் தமிழ் இல்லை, அல்லது தமிழர் நகைக்கும் தமிழ் இருக்கின்றது என்று நாம் முறையிட்டால், கம்பனி அதற்கு வேறு விலை கேட்கின்றது, பணம் ஒதுக்கப்படவில்லை என்ற மறுமொழிக்கு அங்கே வழியுண்டு. மூலநிரல் திணைக்களத்தின் கையில் இருக்குமாயின் அச்சாட்டுக்கு இடமில்லை. எமது பல்கலைக்கழக மாணவர் ஒரு விடுமுறைக்குள் செய்து முடித்துக் கொடுப்பர். அப்போது தடையாக இருப்பது பணமா, மனமா என்பது தெரிந்துவிடும்.

மூலநிரலை மூன்றாமவர் ஒருவரின் காவலில் வைப்போம், கம்பனி முறிந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சமரசம் பேசப்படுவதுண்டு. ஒன்றுமில்லாததிலும் இது மேல். ஆனால் பியூஜிட்சு முறியவில்லை என்பதை நினைவிற் கொள்க. காவலில் வைத்த பெட்டி சீமா மிஸ்ராவுக்குத் திறந்திருக்குமா?

ஆகவே அடுத்து மென்பொருள் எழுதுவிக்க இருக்கும் சங்கத் தலைவர்களுக்கும் சபைச் செயலாளர்களுக்கும் நாம் கூறுவது இது. வாசிக்கத்தக்க வடிவில் என்ற சொற்களைக் கேள்விப்பத்திரத்திலேயே எழுதுங்கள். மூலநிரல் தருகின்றோம் என்று கூறி, பெயர்களையெல்லாம் அ, ஆ, இ என்று மாற்றி எவருக்கும் விளங்காதவாறு குழப்பிக் கொடுக்கும் தந்திரமும் உண்டு. எழுதியவர் தாம் வேலை செய்யும் அதே வடிவில், விளக்கக் குறிப்புகளுடன், தரவுகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்ற வரைபுடன், பிறரிடம் பெற்றுச் சேர்த்த கூறுகளின் பட்டியலுடன் தரவேண்டும். திருத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் புதிய பிரதி வரவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு பரீட்சை. எழுதியவரல்லாத வேறொரு பொறியியலாளரை அழைத்து, வெறுங் கணினி ஒன்றைக் கொடுத்து, ஒப்படைக்கப்பட்ட மூலநிரலை மாத்திரம் கொண்டு அம்மென்பொருளை ஆக்கி ஓட்டச் சொல்லுங்கள். அது ஓடிய பின்னரே கடைசித் தவணைப் பணத்துக்குக் காசோலை எழுதுங்கள். அதற்காக விலை சற்றுக் கூடுமாயின் கொடுங்கள். இளைஞரின் உழைப்பை இலவசமாகக் கேட்பது எமது நோக்கமன்று. மூலநிரல் தரமாட்டோம் என்று கம்பனி மறுக்குமாயின், அது வாடகைப் பொருளே என்று கருதி வாடகைக்குரிய விலையை மாத்திரம் பேசுங்கள்.